வண்டி ஸ்டிக்கர் ஏன் உரிகிறது?

ஊருக்குப் போகும்போதெல்லாம் யாராவது ஒருத்தர் கேட்டுவிடுவார். "டெல்லியில என்னப்பா வேலை?" லார்ஜ் ஃபார்மட் பிரிண்டிங் யூனிட்டில் புரொடக்ஷன் மேனேஜர் என்று சொன்னால் ஒரு நிமிஷம் யோசிப்பார். அப்புறம் "ஓ, ஃப்ளெக்ஸ் அடிக்கிறியா?" என்பார். இத்தனை வருஷத்தில் பதில் சொல்லி அலுத்துப்போய், இப்போதெல்லாம் "ஆமாங்க மாமா" என்று முடித்துக்கொள்கிறேன் :-)

ஆனால் உண்மையில் ஃப்ளெக்ஸ் வேறு, வினைல் வேறு. ஃப்ளெக்ஸ் என்பது பாலியஸ்டர் நூல் வலைக்கு மேலே பி.வி.சி. பூசிய துணி. சட்டம் அடித்து இழுத்துக் கட்டிவிட்டால் வேலை முடிந்தது. வினைல் என்பது பின்னால் பசை உள்ள மெல்லிய பி.வி.சி. படலம். அதைக் கண்ணாடியில், சுவரில், வண்டியில் ஒட்டுகிறோம். வண்டி முழுக்க ஒட்டினால் அதற்கு 'ராப்' என்று பெயர். டெல்லியிலும் நொய்டாவிலும் உணவு வண்டி, ஸ்கூல் வேன், டெலிவரி வண்டி என்று எதை எடுத்தாலும் ராப்தான். நம்மவர்களில் நிறையப் பேர் இங்கே டிபன் வண்டி, கேட்டரிங், மசாலா சப்ளை என்று சின்னதாகத் தொழில் தொடங்குகிறார்கள். அவர்களுக்கு அந்த ஸ்டிக்கர்தான் கடையின் போர்டு. அது ஆறு மாதத்தில் உரிந்தால் போகிறது அவர்கள் காசு. அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சப்பாத்தியும் தோசையும்

முதலில் ஒரு அடிப்படை விஷயம். இது தெரிந்தால் பாதி பிரச்னை புரிந்துவிடும்.

வினைல் இரண்டு விதமாகத் தயாராகிறது. ஒன்று காலண்டர்ட். சூடான பி.வி.சி. கலவையைப் பெரிய உருளைகளுக்கு நடுவில் விட்டு நசுக்கி நசுக்கி மெல்லிசாக்குவார்கள். சப்பாத்தி தேய்ப்பது போல. வீட்டில் தேய்க்கிறவர்களுக்குத் தெரியும், மாவை இழுத்துத் தேய்த்துவிட்டுக் கையை எடுத்தால் அது கொஞ்சம் உள்ளே சுருங்கும். இந்த வினைலும் அப்படித்தான். வெயில் பட்டால் பழைய உருவத்துக்குத் திரும்பப் பார்க்கும்.

இன்னொன்று காஸ்ட். திரவமாக இருக்கும் கலவையை ஒரு தாளின் மேல் மெல்லிசாக ஊற்றி அடுப்பில் உலர்த்தி எடுப்பார்கள். இது தோசை. யாரும் இழுக்கவில்லை, நசுக்கவில்லை, ஊற்றின இடத்தில் வெந்தது. அதனால் சுருங்க வேண்டிய அவசியம் அதற்கு இல்லை. தடிமன் 50 மைக்ரான் அளவுதான் இருக்கும். காலண்டர்ட் பெரும்பாலும் 70 முதல் 100 மைக்ரான் வரை வரும். கையில் பிடித்துப் பார்த்தால் தடியாக இருப்பதுதான் உசத்தி என்று தோன்றும். கடைக்காரரும் "பாருங்க சார், எவ்வளவு மொத்தம்" என்பார். வண்டி வளைவுகளுக்கு மெல்லிசாக இருப்பதுதான் நல்லது.

காலண்டர்டிலேயே மோனோமெரிக், பாலிமெரிக் என்று இரண்டு உண்டு. பி.வி.சி.யை வளையவைக்கச் சேர்க்கும் பிளாஸ்டிசைசரில்தான் வித்தியாசம். மோனோமெரிக்கில் அது சீக்கிரம் வெளியேறிவிடும், படலம் விறைத்துச் சுருங்கும். பாலிமெரிக் கொஞ்சம் நிதானம். சமதளத்தில் சில வருஷம் தாங்கும்.

விலை? மோனோமெரிக்குக்கும் காஸ்டுக்கும் பல மடங்கு வித்தியாசம். கதையே இங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஒரு குட்டி யானையின் கதை

சில வருஷம் முன்னால் ஒரு மே மாதம். சங்கரன்கோவில் பக்கத்துக்காரர் ஒருவரும் அவர் மனைவியும் எங்கள் யூனிட்டுக்கு வந்தார்கள். குட்டி யானை வண்டியின் பின்னால் தகரப் பெட்டி கட்டி, நொய்டாவில் ஆபீஸ்கள் இருக்கும் பக்கம் இட்லி, பொங்கல், தோசை விற்கிறார்கள். ஜனவரியில் வேறு ஒரு கடையில் ராப் ஒட்டியிருக்கிறார்கள். நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. வண்டி தோல் உரிந்த பாம்பு மாதிரி நின்றது.

"இதையே திரும்ப ஒட்டித் தர முடியாதா தம்பி?" அந்த அக்கா கேட்டது இதுதான்.

"முடியாதுக்கா. ஒருதரம் சுருங்கினது சுருங்கினதுதான்."

"சீட்டு எடுத்து ஒட்டினது தம்பி. இன்னும் கட்டி முடியல."

அண்ணன் எதுவும் பேசாமல் வண்டிக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். நானும் எங்கள் ஒட்டும் ஆளும் வண்டியைச் சுற்றி வந்தோம். அவன் பிகார்க்காரப் பையன், பதினேழு வயதிலிருந்து இதே வேலை. இந்தத் தொழிலில் நான் கற்றுக்கொண்ட ஒன்று உண்டு. ஸ்டிக்கர் எப்படிக் கெட்டிருக்கிறது என்று பார்த்தால் ஏன் கெட்டது என்று தெரிந்துவிடும். அந்த வண்டியில் என்னென்ன பார்த்தோம் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

1. எல்லா ஓரமும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் உள்ளே போயிருந்தது. விட்டுப்போன இடத்தில் பசை மட்டும் தங்கி, அதில் தூசி ஒட்டிக் கறுப்புக் கோடாகத் தெரிந்தது. இது சுருக்கம். மலிவான மோனோமெரிக்கை வளைவான முன்பக்கம் முழுக்க ஒட்டியிருக்கிறார்கள். இதே மாதிரி சுருக்கம் இன்னொரு காரணத்தாலும் வரும். எக்கோ சால்வென்ட் மையில் அச்சடித்தால் அந்த சால்வென்ட் படலத்துக்குள் இறங்கியிருக்கும். அது முழுக்க ஆவியாக வேண்டும். அதற்குள் லேமினேட் செய்தால் உள்ளேயே மாட்டிக்கொண்டு படலத்தையும் பசையையும் இளக்கிவிடும். நாங்கள் குறைந்தது 24 மணி நேரம், அடர்ந்த நிறம் என்றால் 48 மணி நேரம் விடுவோம். அதையும் இறுக்கிச் சுற்றி வைக்கக்கூடாது. தளர்வாகச் சுற்றி, நிமிர்த்தி நிறுத்தி, காற்று போகும்படி வைக்க வேண்டும். முகர்ந்து பார்த்தால் மை வாசனை தூக்கலாக வருகிறதா? இன்னும் காயவில்லை.

2. கதவின் பள்ளமான கோடுகளில் ஸ்டிக்கர் கூடாரம் மாதிரி மேலே தூக்கியிருந்தது. பள்ளத்துக்குள் இழுத்து அமுக்கியிருக்கிறார்கள், ஆனால் கடைசியில் சூடு காட்டவில்லை. இழுத்த படலம் தன் பழைய வடிவத்தை மறக்க வேண்டுமென்றால் ஒட்டி முடித்த பிறகு அந்த இடத்தை ஹீட் கன்னால் 90 டிகிரிக்கு மேல் சூடாக்க வேண்டும். சரியான அளவு அந்த ரோலின் தகவல் தாளில் இருக்கும். கையால் தொட்டுப் பார்த்து மதிப்பிடக்கூடாது, துப்பாக்கி மாதிரி இருக்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரில் பார்க்க வேண்டும். காலண்டர்டில் இதைச் செய்தாலும் பெரிய பலன் இல்லை. ஆழமான பள்ளத்துக்கு காஸ்ட்தான்.

3. பின்னால் இருந்த தகரப் பெட்டியில் அம்மை போட்ட மாதிரி சின்னச் சின்னக் குமிழ். ஒட்டின அன்று இல்லையாம், மார்ச் மாதம்தான் வந்ததாம். நான் கேட்டேன், "அண்ணே, பெட்டிக்குப் பெயின்ட் எப்ப அடிச்சீங்க?" "ஸ்டிக்கர் ஒட்டுறதுக்கு முந்தின வாரம்." அதுதான் விஷயம். புதுப் பெயின்ட் தொட்டால் காய்ந்தது போல இருக்கும், ஆனால் உள்ளிருந்து வாயு வெளியேறிக்கொண்டே இருக்கும். மேலே ஸ்டிக்கர் ஒட்டினால் அது எங்கே போகும்? லோக்கலில் அடித்த பெயின்ட் என்றால் சில வாரமாவது விட வேண்டும். அதோடு ஒரு சோதனையும் செய்யலாம். மாஸ்கிங் டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். பெயின்ட் கூடவே வந்தால் ஸ்டிக்கரும் பெயின்டோடு சேர்ந்துதான் ஒருநாள் வரும்.

4. கீழ் விளிம்பு முழுக்கப் பட்டையாக உரிந்திருந்தது. பசையைத் திருப்பிப் பார்த்தால் மண்ணும் கிரீஸும். சுத்தம் செய்யாமலே ஒட்டியிருக்கிறார்கள். முதல் நாள் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவிட வேண்டும். மறுநாள் கிரீஸ், மெழுகு பாலிஷ் போகத் துடைக்க வேண்டும். கடைசியாக ஐசோபுரோபைல் ஆல்கஹால் 70 பங்கு, தண்ணீர் 30 பங்கு. ஒரு துணியால் துடைத்து, அது காய்வதற்குள் இன்னொரு சுத்தமான துணியால் எடுத்துவிட வேண்டும். ஒரே துணியால் தேய்த்துக்கொண்டே இருந்தால் அழுக்கை இடம் மாற்றுகிறோம், அவ்வளவுதான். பெட்ரோல், தின்னர் பக்கமே போகக்கூடாது.

5. பரிமாறும் ஜன்னலுக்குக் கீழே படமே தேய்ந்துபோயிருந்தது. லேமினேஷன் இல்லை. எண்ணெய் தெறிக்கும், தினமும் துடைப்பார்கள், மை எத்தனை நாள் தாங்கும்? உணவு வண்டிக்கு லேமினேஷன் கட்டாயம். காஸ்ட் வினைலுக்கு காஸ்ட் லேமினேட்தான் போட வேண்டும். தோசை மேலே சப்பாத்தியை ஒட்டினால் சப்பாத்தி சுருங்கும்போது தோசையையும் இழுத்துக்கொண்டு போகும் :-)

6. இடது கதவில் சாம்பார் ஒரு நிறம், பெட்டியில் இன்னொரு நிறம். வேறு வேறு நாள், வேறு வேறு ரோலில் அடித்திருக்க வேண்டும். ஒரே வண்டிக்கு வேண்டியதை ஒரே ரோலில், ஒரே ஓட்டத்தில், எல்லாத் துண்டையும் ஒரே திசையில் வைத்து அடிக்க வேண்டும். இடம் மிச்சம் பிடிக்க ஒரு துண்டைத் தலைகீழாகத் திருப்பி அடித்தால் பக்கத்தில் வைக்கும்போது நிறம் மாறித் தெரியும். கோடு கோடாக வந்தால் முதலில் நாஸில் செக், அப்புறம் மீடியா ஃபீட் அளவு. இதைப் பார்க்காமல் நேரே மையைக் குறை சொல்பவர்கள்தான் அதிகம்.

ஏழாவதாக ஒன்று

இது தொழில்நுட்பக் கோளாறில் சேருமா தெரியாது. ஆனால் அந்த அக்காவுக்கு எல்லாவற்றையும் விட இதுதான் வலித்தது.

வண்டியில் தமிழிலும் எழுதியிருந்தார்கள். 'தோசை'யில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் புள்ளி வட்டம். 'பொங்கல்' நாலு துண்டாகக் கிடந்தது.

"இங்க யாருக்குத் தமிழ் தெரியப்போகுதுன்னு அந்தக் கடையில சொன்னாங்க தம்பி. நாங்களும் சரின்னு விட்டுட்டோம். ஆனா நம்ம புள்ளைங்க வேலை முடிஞ்சு வந்து நிக்கும்போது முதல்ல அதைத்தான் பார்க்குதுங்க. பார்த்துட்டுச் சிரிக்குதுங்க."

காரணம் எளிது. தமிழில் கொம்பை எழுத்துக்குப் பின்னால் தட்டுவோம், ஆனால் திரையில் அது முன்னால் வர வேண்டும். அந்த மாற்றத்தைச் செய்யத் தெரியாத பழைய டிசைன் மென்பொருளில் ஒட்டினால் எழுத்து சிதறும். டிசைனர் தமிழ் படிக்கத் தெரியாதவர் என்றால் அவருக்கு அது தப்பு என்றே தெரியாது. நல்லபடியாகத் தெரியும் இடத்தில் தட்டச்சு செய்து, 'கர்வ்ஸ்' ஆக மாற்றி, படமாகவே கொடுத்துவிடுங்கள். அதற்குப் பிறகு எந்தக் கணினியாலும் எழுத்தைக் குலைக்க முடியாது. அச்சுக்குப் போகும் முன் கடைசிக் கோப்பைத் தமிழ் தெரிந்த ஒருவர் ஒருதரம் வாய்விட்டுப் படிக்க வேண்டும். தமிழ்ச் சங்கம், பஜனை, பொங்கல் விழா என்று இங்கே பேனர் அடிக்கும் எல்லாருக்கும் இதைச் சொல்லிக்கொள்கிறேன்.

டெல்லி வெயில், டெல்லி குளிர்

அந்த வண்டிக்கு ஜனவரி காலை எட்டு மணிக்கு வெட்டவெளியில் ஒட்டியிருக்கிறார்கள். எங்கள் பையன் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டான். "தண்டா மே சிப்கேகா நஹீ பையா." குளிரில் ஒட்டாது. சென்னையிலிருந்து வந்தவர்களுக்கு இது புதுசு. நம்ம ஊரில் வருஷம் முழுக்க ஏறக்குறைய ஒரே மாதிரி ஒட்டலாம். இங்கே ஜனவரியில் காலை வெப்பநிலை 5, 6 டிகிரிக்கு இறங்கும், மே ஜூனில் பகலில் 45ஐத் தொடும்.

குளிரில் பசை விறைத்துவிடும், உலோகத்தின் நுண்ணிய மேடு பள்ளங்களில் இறங்காது. ஒட்டின மாதிரிதான் இருக்கும், ஆனால் பிடிப்பு இருக்காது. வெயிலில் இதற்கு நேர் எதிர். தகரம் தோசைக்கல் மாதிரி சுடும். பசை தொட்ட இடத்தில் கவ்விக்கொள்ளும், எடுத்துத் திருப்பி வைக்க வழியில்லை, படலம் கையோடு இழுபடும். பெரும்பாலான ரோல்களுக்கு ஏறக்குறைய 15 முதல் 30 டிகிரி வரை தோது. இது காற்றின் வெப்பநிலை மட்டும் இல்லை, தகரத்தின் வெப்பநிலையும்தான். குளிர்காலத்தில் வண்டியை முதல் நாள் இரவே உள்ளே நிறுத்திவிட வேண்டும். கோடையில் விடியற்காலை அல்லது ஷெட்டுக்குள். மழைக்காலத்தில் ரப்பர் பீடிங், ரிவெட், கைப்பிடி இடுக்குகளில் தண்ணீர் ஒளிந்திருக்கும். துடைத்துவிட்டோம் என்று நினைத்து ஒட்டுவோம், அரைமணியில் கசிந்து வந்து நிற்கும். நவம்பரில் இருக்கவே இருக்கிறது புகையும் தூசியும், கதவைச் சாத்தாமல் வேலையே செய்ய முடியாது.

ஒட்டி முடித்தாலும் பசை முழுப் பிடிப்புக்கு வர இரண்டு மூன்று நாள் ஆகும். அதுவரை கழுவக்கூடாது.

அப்புறம் என்ன செய்தோம்

பழையதை உரிக்கவே இரண்டு நாள். ஹீட் கன்னால் இளஞ்சூடாக்கி, செங்குத்தாக இல்லாமல் படுக்கைவாட்டில் மெதுவாக இழுத்தால் நல்ல வினைல் முழுசாக வரும். இது பிஸ்கட் மாதிரி உடைந்து உடைந்து வந்தது. பசையைத் தனியாகக் கரைத்து எடுத்தோம். பெட்டியின் பெயின்ட் அதற்குள் நன்றாகக் காய்ந்திருந்தது, அந்த ஒரு விஷயம் அதிர்ஷ்டம்.

முழு வண்டிக்கும் காஸ்ட் போட அவர்களால் முடியாது. போடத் தேவையும் இல்லை. இதுதான் நான் எல்லாருக்கும் சொல்ல விரும்புவது. வளைவும் பள்ளமும் உள்ள முன் கேபினுக்கும் கதவுக்கும் மட்டும் காஸ்ட். சமதளமான பெட்டிப் பக்கங்களுக்கு நல்ல பாலிமெரிக், அதற்கேற்ற லேமினேட். கூரைக்கு ஒன்றுமே வேண்டாம். மேலே நேராக வெயில் வாங்கும் இடம்தான் முதலில் கெடும், யாரும் பார்க்கவும் போவதில்லை. வண்டியின் வெள்ளை நிறத்தையே டிசைனின் பின்னணியாக வைத்தோம். ஒட்டும் பரப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது, பில்லும் குறைந்தது. மீதியை மாதாமாதம் கொடுக்கும்படி எங்கள் முதலாளியிடம் பேசினேன். மனுஷன் பஞ்சாபி, அவர்கள் கொண்டுவந்த இட்லியைச் சாப்பிட்டுவிட்டுத்தான் ஒத்துக்கொண்டார் :-)

ஒட்டும்போது பின்னாலிருந்து முன்னால் வந்தோம். அப்போதுதான் முன் துண்டு பின் துண்டின் மேல் ஏறி உட்காரும், ஓடும்போது காற்று ஓரத்தைத் தூக்காது. ஓட்டுக் கூரைக்கு ஓடு வேய்கிற கணக்குதான். ஒரு அங்குலம் வரை மேலே ஏற்றிக்கொள்ளலாம். வெட்டுவதற்குக் கத்தியைப் பெயின்ட் மேல் வைக்காமல், நூல் உள்ள டேப்பை அடியில் ஒட்டி நூலை இழுத்து வெட்டினோம். கத்திக் கீறல் விழுந்தால் அங்கேதான் துரு தொடங்கும்.

இரண்டு கோடையும் இரண்டு குளிரும் பார்த்துவிட்டது அந்த வண்டி. சக்கரத்துக்கு மேலே ஒரு ஓரம் தூக்கியது, வந்து சரிசெய்துகொண்டு போனார்கள். சீட்டும் கட்டி முடித்துவிட்டார்களாம்.

கடைக்குப் போகும் முன்

வண்டிக்கு ராப் போடப் போகிறீர்கள் என்றால் கடைக்காரரிடம் இவற்றைக் கேளுங்கள்.

காஸ்டா, பாலிமெரிக்கா, மோனோமெரிக்கா? எந்த இடத்துக்கு எது? பில்லில் எழுதித் தருவீர்களா? (எழுத யோசித்தால் நீங்களும் யோசியுங்கள்.)

அச்சடித்து எத்தனை மணி நேரம் கழித்து லேமினேட் செய்வீர்கள்? "உடனே சார், சாயங்காலமே டெலிவரி" என்றால் அது நல்ல செய்தி அல்ல.

எங்கே வைத்து ஒட்டுவீர்கள்? ரோட்டிலா, உள்ளேயா?

உரிந்தால் யார் பொறுப்பு, எத்தனை மாதம்?

இன்னொன்று, வண்டியின் ஆர்.சி.யில் நிறம் பதிவாகியிருக்கிறது. முழு வண்டியின் நிறத்தையே மாற்றும் எண்ணம் இருந்தால் முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். நம்பர் பிளேட், விளக்கு, ரிஃப்ளெக்டர் எதன் மேலும் ஸ்டிக்கர் வரக்கூடாது. கண்ணாடிக்கும் விதி இருக்கிறது. முன்னாலும் பின்னாலும் 70 சதவீதம், பக்கவாட்டில் 50 சதவீதம் வெளிச்சம் உள்ளே வர வேண்டும்.

ஒட்டின பிறகு கையால் கழுவுங்கள். பிரஷர் வாட்டரை ஓரத்தில் நேராகப் பிடிக்காதீர்கள். முடிந்தவரை நிழலில் நிறுத்துங்கள். அப்படியும் ஒரு ஸ்டிக்கருக்கு ஆயுள் என்று ஒன்று உண்டு. அது முடிவதற்குள் உரித்துவிடுங்கள். "இன்னும் நல்லாத்தானே இருக்கு" என்று விட்டுவைத்தால் உரிக்கும் கூலி ஒட்டும் கூலியைத் தாண்டிவிடும்.

பி.கு: அச்சு மிஷின் இருக்கும் அறையில் காற்றோட்டம் இருக்கிறதா என்றும் ஒரு பார்வை பாருங்கள். சால்வென்ட் ஆவியைப் பத்து மணி நேரம் சுவாசிக்கிற பையன்களும் எங்கேயோ ஒரு ஊரிலிருந்து பிழைக்க வந்தவர்கள்தான். எக்ஸாஸ்ட் ஃபேன் வைக்கக் காசு பார்க்கிற கடை உங்கள் வண்டிக்கு மட்டும் நல்ல ரோல் போடும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.